பாக்கியம் கடைசியாச் சொன்னது

நீங்க ஜன்னல் ஓரமா உக்காந்துக்கங்கம்மா. எனக்கு எதிர்க்காத்து ஆகாது. பையைக் குடுங்க, மேல வச்சுடறேன். திருச்சியா? நான் அதுக்கு முன்னாடியே, குளித்தலையில இறங்கிடுவேன்.

சிங்காநல்லூர்ல ஏறினதுலேருந்து உதட்டை அசைச்சுக்கிட்டே வர்றீங்களே, ஏதும் மந்திரமான்னு கேட்டீங்கல்ல. மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. என் சம்சாரம் சாகும்போது கடைசியா என்ன சொன்னான்னு ஞாபகப்படுத்திப் பாக்கறேன். வீட்டுல மக காத்துக்கிட்டிருக்கா. போனதும் சொல்லியாகணும்.

என்னடா இந்த மனுசன், பொண்டாட்டி பேசின கடைசிப் பேச்சைப் போயி மறந்துட்டானேன்னு பாக்கறீங்க. ஒரு பேச்சு எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. அதைச் சொல்லித்தான் இத்தனை வருசமா சோறு திங்கறேன். தூத்துக்குடி, ஓசூர், மெட்ராசுன்னு நான் அதைச் சொல்லாத ஊர் கிடையாது. ஆனா அது அவ சொன்னது இல்ல. இருங்க, மொதல்லேருந்து சொல்லிடறேன். நடுவுல புடிச்சா உங்களுக்கும் புரியாது, எனக்கும் தடுமாறும்.

மணப்பாறைப் பக்கம் துணையிருப்பு இல்லம்னு ஒண்ணு இருக்கு. புத்துநோய் முத்திப்போயி, இனிமே எங்களால ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஆஸ்பத்திரியில கைய விரிச்சுடுவாங்கல்ல, அவங்களை வச்சுப் பாத்துக்கற இடம். காசு வாங்கறதில்ல. வலிக்கு மருந்து குடுப்பாங்க, புண்ணைச் சுத்தம் பண்ணுவாங்க, பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்குவாங்க. என் சம்சாரம் தனபாக்கியம் அங்கதான் போனா. கர்ப்பப்பையில வந்து, எலும்பு வரைக்கும் போயிடுச்சு. அந்த மாசம் எங்க மக வினோதினிக்குப் பன்னெண்டாவது பரீட்சை. கரூர்ல என் தங்கச்சி வீட்டுல விட்டிருந்தோம். புள்ளைய இங்க கூட்டியாராதீங்க, எழுதி முடிக்கட்டும்னு பாக்கியமே சொல்லிட்டா. வினோ பிசிக்ஸ் பரீட்சை எழுதிக்கிட்டிருந்த காலையிலதான் உசிரு போச்சு. பக்கத்துல நான் ஒருத்தன்தான். சிஸ்டர் ஊசி எடுத்தாரப் போயிருந்தாங்க.

அவ போனதுக்கப்புறம் எனக்கு எதுலயும் மனசு ஒட்டல. அப்ப நான் மருந்துக் கம்பெனி ரெப். பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் டாக்டரா ஏறி இறங்கற பொழப்பு. இல்லத்து டாக்டரம்மா ஒரு நாள் கூப்பிட்டாங்க. "மருதையா சார், உங்களுக்குப் பேச வருது. எங்களுக்கு நிதி திரட்ட ஆள் இல்ல, வந்துடறீங்களா"ன்னாங்க. போயிட்டேன். சம்பளம் பாதிதான். இருந்தாலும் அவ படுத்திருந்த அந்தக் கட்டில் அங்கதானே இருக்கு, தினம் பாக்கலாமேன்னு போயிட்டேன்.

நிதி திரட்டறதுன்னா உண்டியல் குலுக்கறதுன்னு நினைச்சுடாதீங்கம்மா. பெரிய கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை நல்ல காரியத்துக்குக் குடுத்தாகணும்னு சட்டம் இருக்கு. அதுக்குன்னு ஒவ்வொரு கம்பெனியிலயும் ஆபீசருங்க இருப்பாங்க. அவங்களுக்குத் திட்டம் எழுதி அனுப்பணும். கூப்பிட்டாங்கன்னா போயி, ஏசி ரூம்ல படம் போட்டுக் காட்டிப் பேசணும். நமக்கு முன்னாடி ஒருத்தர் பேசிட்டு வருவாரு, நமக்கப்புறம் ஒருத்தர் காத்துக்கிட்டிருப்பாரு. எல்லாம் நல்ல காரியம்தான். ஒரே பணத்துக்குப் பத்து நல்ல காரியம் வாசல்ல நிக்கும்.

அதுல எனக்கு என்ன சங்கடம்னா, மத்தவங்க கையில காட்டறதுக்கு ஏதாவது இருக்கும். பள்ளிக்கூடம் நடத்தறவங்க யூனிபாரம் போட்ட புள்ளையைக் காட்டுவாங்க. கண் ஆஸ்பத்திரிக்காரங்க கட்டுப் பிரிச்சுக்கிட்டுச் சிரிக்கற கிழவரைக் காட்டுவாங்க. நான் யாரைக் காட்டறது? விண்ணப்பத்துல ஒரு கட்டம் வரும், பயனாளிகளிடம் அளக்கக்கூடிய முன்னேற்றம் என்னன்னு. எங்ககிட்ட வர்றவங்க யாரும் முன்னேறி வீட்டுக்குப் போறதில்லம்மா. ஒரு ஆபீசர் வாய்விட்டே கேட்டாரு, "போன வருசம் எத்தனை பேர் குணமானாங்க?" "யாரும் இல்ல சார், எல்லாரும் நல்லபடியா இறந்தாங்க"ன்னேன். அந்த ஆளு முகத்தைப் பாக்கணுமே! அதோட சரி, டீ கூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க.

அப்பத்தான் சஞ்சீவின்னு ஒருத்தர் வந்து எங்களை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் திருச்சியில ஒரு ஓட்டல்ல பயிற்சி நடத்தினாரு. எப்படிப் பேசணும், எப்படி எழுதணும்னு. கெட்டிக்காரரு. கணக்கெல்லாம் சொல்லாதீங்க, ஒரே ஒரு ஆளோட கதையைச் சொல்லுங்கன்னாரு. ஒரு ஆளு, ஒரு முகம், முடிவுல அந்த ஆளு வாயாலயே ஒரு வார்த்தை. அப்படிச் சொன்னா கேக்கறவன் கரைஞ்சுடுவான்னாரு. யாராவது எந்திரிச்சுச் சொல்லுங்கன்னதும் நான் எந்திரிச்சேன். என்கிட்ட வேற யாரு இருக்கா? பாக்கியத்தைத்தான் சொன்னேன். வலியில கட்டிலைக் கடிச்சது, இல்லத்துக்கு வந்தது, மருந்து குடுத்ததும் ரொம்ப நாளைக்கப்புறம் மூணு இட்லி சாப்பிட்டது, எல்லாம் சொன்னேன். கடைசியில அவ என்ன சொன்னான்னும் சொன்னேன்.

அங்கதான் இருக்கு விசயம். நான் சொன்னதும் ரெண்டு மூணு பேரு லேசாச் சிரிச்சாங்க. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கெட்ட சிரிப்பு இல்ல, நம்ம வீட்டுலயும் இப்படித்தான்னு வர்ற சிரிப்பு. சஞ்சீவி சார் மட்டும் தலையை ஆட்டினாரு. "எல்லாம் பிரமாதம் சார். கடைசி வரி மட்டும் ரொம்ப வீட்டுப் பேச்சா இருக்கு. கேக்கறவங்க அதைக் கையில எடுத்துட்டுப் போக முடியாது. அவங்க மனசுல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சு, அதை வார்த்தையாக்குங்க"ன்னாரு. பொய் சொல்லுங்கன்னு சொல்லலம்மா, அவரைத் தப்பா சொல்லக்கூடாது. ரெண்டு பேரும் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து யோசிச்சோம். அன்னிக்குக் காளான் பிரியாணி போட்டாங்க. பாருங்க, அது ஞாபகம் இருக்கு.

நாங்க எழுதினது என்னன்னா... இருங்க, கண்ணாடியைக் கழட்டிக்கறேன், அப்பத்தான் வரும். "மருதையா, எனக்குக் கிடைத்த இந்த நிம்மதி, வலியில் துடிக்கும் கடைசி ஏழை வரைக்கும் கிடைக்கணும். வாழும்போது கிடைக்காத கண்ணியம், சாகும்போதாவது கிடைக்கட்டும்." இவ்வளவுதான். சொல்லிட்டு ஒண்ணும் பேசாம நிக்கணும். படத்தையும் அணைச்சுடணும்.

சொன்னா நம்பமாட்டீங்க, மொதல் கூட்டத்துலயே வேலை செஞ்சுது. ஒரு பெரிய ஆபீசரம்மா எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. அந்த வருசம் இருந்த கட்டில் ரெட்டிப்பாச்சு. அடுத்து ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஊர் ஊரா வீட்டுக்கே போயி வைத்தியம் பாக்க நர்சுங்க வந்தாங்க. எல்லாம் பாக்கியம் வாயால வந்தது. அந்த வார்த்தை சுவத்துல எழுதியிருக்கு, காலண்டர்ல போட்டிருக்கு. எத்தனை ஏழைபாழைங்க வலியில்லாமப் போய்ச் சேந்துச்சுங்க தெரியுமா? அந்தப் புண்ணியம் பூரா அவளுக்குத்தானே? இதுல என்னம்மா தப்பு இருக்கு?

வினோவுக்கு இது தெரியாது. அதாவது, அப்பா அம்மாவைப் பத்திப் பேசறாருன்னு தெரியும், என்ன பேசறாருன்னு தெரியாது. அவ ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல. படிச்சா, ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குச் சேந்தா, கல்யாணம் ஆச்சு. இப்ப நிறைமாசம். தலைப்பிரசவம், தாய் வீட்டுலதானே பாக்கணும்? தாய் இல்லாத வீட்டுக்கு வந்திருக்கா. நான்தான் ரசம் வச்சுப் போடறேன், கால் வீங்கினா வெந்நி வச்சுக் குடுக்கறேன். லீவு போடறதுக்கு முன்னாடி அவ ஆபீஸ்ல ஒரு கூட்டம் நடந்திருக்கு. அந்தக் கம்பெனி எங்க இல்லத்துக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கு. நான்தான் முயற்சி பண்ணேன், மக வேலை பாக்கற இடமாச்சேன்னு கொஞ்சம் கூடவே முயற்சி பண்ணேன். எல்லாரையும் உக்கார வச்சு நான் பேசின வீடியோவைப் போட்டிருக்காங்க.

அவ சந்தோசப்படுவான்னு பாத்தேன். பெட்டியோட வந்து இறங்கினவ, தண்ணி கூடக் குடிக்கல. "அப்பா, அது யாருப்பா?"ன்னா.

"எது யாரு?"

"அந்த வீடியோவுல நீங்க சொல்ற பொம்பளை. அம்மா என்னிக்குப்பா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா? ஆஸ்பத்திரியில புருசன் பேரு கேட்டாக்கூட என்னைச் சொல்லச் சொல்லுவாளே! கண்ணியம்னு ஒரு வார்த்தை அம்மா வாயில வந்து கேட்டிருக்கீங்களா?"

அது ஒரு மாதிரி சொல்றதும்மா, விசயம் உண்மைதான், வார்த்தைதான் கொஞ்சம் மாத்தினதுன்னேன். ஆபீஸ்ல எல்லாரும் அவளைக் கட்டிப்புடிச்சு அழுதிருக்காங்க. எங்கம்மா செத்ததுக்கு ஊரே அழுவுது, எனக்கு மட்டும் அழுகை வரலப்பா, யாரோ செத்த மாதிரி இருந்துச்சுன்னா. அப்புறம் அவ குரல் மாறிடுச்சு. என் பக்கத்துல வந்து தரையில உக்காந்தா. வயித்தை வச்சுக்கிட்டு உக்காரவே முடியல அவளால.

"சரிப்பா, ஊருக்குச் சொன்னது இருக்கட்டும். அன்னிக்கு நான் இல்ல. நீங்கதான் இருந்தீங்க. அம்மா நிஜமா என்ன சொன்னா? எனக்கு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு அது வேணும்"ன்னா.

இதென்ன பிரமாதம், சொல்றேன்னு வாயைத் தொறந்தேன். "மருதையா, எனக்குக் கிடைத்த"ன்னு வருதும்மா! நிறுத்திட்டு மறுபடி தொறந்தேன். மறுபடி அதான். என் கை தன்னால கண்ணாடியைக் கழட்டுது. வினோ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சொவத்தைப் புடிச்சு எந்திரிச்சு உள்ள போயிட்டா.

நானும் எத்தனையோ விதமா முயற்சி பண்ணிட்டேன். அன்னிக்குக் காலையில நடந்ததை ஒண்ணொண்ணா அடுக்கிக்கிட்டு வருவேன். ஜன்னல் வழியா வெயில் விழுந்துச்சு. அவளுக்கு ஈரத்துணியால உதட்டைத் தொடச்சேன். கையை அசைச்சுக் கிட்ட வரச் சொன்னா. குனிஞ்சேன். வாய் அசையுது. வாய் நல்லாத் தெரியுதும்மா, உதட்டு ஓரத்துல இருந்த மச்சம் வரைக்கும் தெரியுது. ஆனா வர்ற பேச்சு நான் மேடையில பேசற பேச்சு. அவ குரலே வரல. எங்கயோ போயிடுச்சு. ரெண்டு பொழுது சமையக்கட்டுல நின்னு அழுதேன், வினோவுக்குக் கேக்காம.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. அந்த ஓட்டல்ல நான் நிஜத்தைச் சொன்னேனே! சொன்னேன், சிரிச்சாங்க, சஞ்சீவி சார் வேணாம்னாரு. அப்ப அவருக்கு ஞாபகம் இருக்கும்ல? அவரு இப்ப கோயமுத்தூர்ல இருக்காருன்னு விசாரிச்சேன். போன்ல கேக்கற சமாச்சாரமா இது? காலையில வினோவுக்கு இட்லி ஊத்தி மூடி வச்சுட்டு, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, மொதல் பஸ்ஸைப் புடிச்சு வந்தேன்.

வாசல்லயே கட்டிப்புடிச்சுக்கிட்டாரு மனுசன். உள்ளாரப் பாத்துக் குரல் குடுத்தாரு, "யாரு வந்திருக்காங்க பாரு, நான் சொல்லுவேனே, மருதையா சார்!" அவரு சம்சாரம் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தாங்க. வந்து நின்னவங்க, கை கூப்பிக்கிட்டு, "எனக்குக் கிடைத்த இந்த நிம்மதி"ன்னு ஆரம்பிச்சு முழுசாச் சொன்னாங்கம்மா. ஒரு எழுத்து பிசகல. எங்கம்மா படுத்திருந்தப்ப இதைத்தான் நினைச்சுக்குவேன் சார்னாங்க. சஞ்சீவி சார் இப்பவும் எல்லாப் பயிற்சியிலயும் என் கதையைத்தான் சொல்றாராம். வடக்க போனாலும் இந்தியில சொல்றாராம்.

காபியைக் குடிச்சுட்டு மெதுவாக் கேட்டேன். "சார், அன்னிக்குத் திருச்சியில மொதல்ல நான் வேற ஒண்ணு சொன்னேன், நீங்க வேணாம்னீங்க. அது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

அவரு யோசிச்சாரு. நெஜமாவே யோசிச்சாரு, நடிக்கல. "இல்லயே சார். நீங்க இதைத்தானே சொன்னீங்க? நான் ஒண்ணும் மாத்தலயே. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, அதனாலதானே இத்தனை வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன்"னாரு.

காளான் பிரியாணியெல்லாம் ஞாபகப்படுத்திப் பாத்தேன். ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்களே சார்னேன். யாரும் சிரிக்கல, எல்லாரும் அழுதாங்கன்னாரு. வர்ற வழியில இல்லத்துக்குப் போன் போட்டு, பாக்கியம் போன அன்னிக்கு ட்யூட்டியில இருந்த சிஸ்டரைக் கேட்டேன், ஊசியோட திரும்பி வந்தவங்ககிட்ட உடனே சொல்லியிருப்பேனேன்னு. "மறக்குமா சார், சுவத்துலயே எழுதியிருக்கே"ன்னாங்க. அவ்வளவுதான். நான் கேட்ட எல்லாரும் அதையே எனக்குத் திருப்பிச் சொல்றாங்க. நான் அவ்வளவு நல்லாப் பேசியிருக்கேன்.

இருங்கம்மா, போன் அடிக்குது. வினோதான்.

ஆங், சொல்லும்மா... வெள்ளகோவில் தாண்டிட்டேன்... இட்லி சாப்பிட்டியா... சரி... வலி ஏதும் எடுக்கலயே?... ம்... பாத்தேம்மா, பாத்துட்டேன்... வந்து சொல்றேன்... இல்ல, வந்து நேர்ல சொல்றேன்மா. வை.

பாத்தீங்களா. "ஞாபகம் இல்லன்னா இல்லன்னே சொல்லுங்கப்பா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். கதை மட்டும் சொல்லாதீங்க"ங்கறா. சின்னப் புள்ள, பேசிடறா. இல்லன்னு எப்படிம்மா சொல்றது? புள்ளை பெக்கப் போறவ. பெத்தவ கடைசியா என்ன பேசினான்னு கேக்கறா. எனக்குத் தெரியலம்மான்னு வெறுங்கையோட போயி நிக்கறதா? அது என்ன அப்பன்? அவளுக்கு ஏதாவது குடுக்கணும்ல?

உங்களை ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். ஒரு தாய், சாகற நேரத்துல, மக பரீட்சை எழுதிக்கிட்டிருக்கற நேரத்துல, என்னம்மா சொல்லியிருப்பா? பெருசா ஒண்ணும் வேணாம். பெருசா இருந்தா வினோ கண்டுபுடிச்சுடுவா. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கேட்டா லேசா ஒரு சிரிப்பு வரணும், சிரிச்சுட்டு அழணும்.

வெள்ளகோவில் தாண்டினதுலேருந்து மனசுல ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. சொல்றேன், கேளுங்க. குனிஞ்சேன். கிட்ட வான்னு கையை அசைச்சா. "ஏங்க, வினோ சாப்பிட்டுட்டுத்தான் போனாளா? உங்க தங்கச்சி உப்பே போடமாட்டாளே." இவ்வளவுதான். எப்படி இருக்கு? உப்பு வேணுமா, வேணாமா? வேணும்னுதான் தோணுது. என் தங்கச்சி உப்புக் கம்மியாப் போடுவா, அது வினோவுக்கும் தெரியும். "தான்"ங்கறதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும். மூச்சு வாங்குதுல்ல அவளுக்கு.

இன்னொரு தரம் சொல்லிப் பாக்கறேன். ஏங்க, வினோ சாப்பிட்டுட்டுத்தான் போனாளா? உங்க தங்கச்சி உப்பே போடமாட்டாளே... அட, சொல்லச் சொல்ல அவ குரல்லயே கேக்குதும்மா. இதைத்தான் சொன்னாளோ என்னமோ. இதாத்தான் இருக்கணும்.

என்னம்மா, முந்தானையால கண்ணைத் தொடைக்கறீங்க? அழறீங்களா?

அப்ப சரி. இதையே சொல்லிடறேன்.